கண்ணாடியக்கா கேட்ட பத்து நிமிஷம்

கண்ணாடியக்காவுக்கு வேண்டியிருந்தது பத்தே பத்து நிமிஷம். அதற்காகத்தான் கடைக்கு மூன்று நாள் லீவு போட்டு, அலமாரியில் கிடந்த கம்பளிக் கோட்டை உதறி மாட்டிக்கொண்டு, பல் கிட்டிக்கிற குளிரில் மகனோடு இந்தப் பெரிய ஊருக்கு ரயிலேறி வந்திருந்தாள். வந்து பார்த்தால், மகன் போட்டிருந்த அட்டவணையில் பத்து நிமிஷம் என்ன, நிம்மதியாக ஒரு தும்மல் போடக்கூட இடமில்லை.

மகன் வேறு ஊரில் ஒரு பஸ் டிப்போவில் இருக்கிறான். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பணும், எந்த நிறுத்தத்தில் எத்தனை வினாடி நிற்கணும் என்று எழுதிக் கொடுக்கிற வேலை. டிப்போவில் அவனுக்கு 'நிமிஷம்' என்றுதான் பெயர். நிமிஷத்தைக் கூப்பிடு, நிமிஷம் சாப்பிடப் போயிருக்கு என்பார்கள். அப்பேர்ப்பட்ட மகாராசன் அம்மாவோடு ஊர் சுற்ற இரண்டு நாள் கிடைத்தால் சும்மா விடுவானா? ஏழு பக்கத்துக்கு அட்டவணை அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கயிறு கோத்துக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். '8.05 முதல் 8.22 வரை காலை உணவு. 8.22 முதல் 8.25 வரை கோட்டு மாட்டுதல்.' கோட்டு மாட்ட மூன்று நிமிஷமாம். படித்துப் பார்த்த அக்காவுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

கண்ணாடியக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருஷமாக ஃபிரேம் சரிசெய்கிறவள் அவள். கோணலாகக் கண்ணாடி போட்ட ஒரு மூஞ்சியைப் பார்த்துவிட்டால் போதும், கை அரிக்க ஆரம்பித்துவிடும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், பேங்க் கவுண்டரில் இருக்கிறவர், ஒரு தடவை நடுத்தெருவில் போக்குவரத்துப் போலீஸ்காரர்! ஆள் யாரென்றெல்லாம் பார்க்கமாட்டாள். "கொஞ்சம் கழட்டுங்க" என்று வாங்கி, காதில் மாட்டுகிற காலை நிமிர்த்தி, துடைத்து, திரும்ப அவர் மூக்கில் வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

சரி, அந்தப் பத்து நிமிஷம் எதற்கு? அதைச் சொல்லாமல் கதையை நகர்த்தினால் எனக்கே பொறுக்காது.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஒருவர் தன் கண்ணாடியை எடுத்துக்கொண்டு அக்காவிடம் வந்தார். கால் வளைந்திருந்தது, சரிசெய்து கொடுத்தாள். ஒன்பது நாள் கழித்து மறுபடி வந்தார், மறுபடி அதே கால். இப்படிப் பதினோரு தடவை. பதினோராவது தடவைதான் அக்காவுக்குப் பொறி தட்டியது. எவர் வீட்டுப் பூட்டையும் ஒரு துண்டுக் கம்பியை விட்டுத் திறக்கிற மனுஷனுக்கு, கண்ணாடியில் இருக்கிற குட்டி ஸ்க்ரூவைத் திருகத் தெரியாதா?

"ஏங்க, இதை நீங்களேதான் வளைச்சுட்டு வர்றீங்களா?" என்று நேருக்கு நேராகக் கேட்டுவிட்டாள்.

அவர் காதுமடல் வரைக்கும் சிவந்துபோய், "ஆமாங்க" என்றார். ஒரு சமாளிப்பு கிடையாது, இழுப்பு கிடையாது. அந்த ஒரு 'ஆமாங்க'வில்தான் அக்கா தொபுக்கடீர் என்று விழுந்தாள்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு, அவருக்கு ஐம்பத்தாறு. அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம், அவர் மனைவி போய் ஏழு வருஷம். குளிர் முடிந்ததும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இருவரும் பேசி முடித்தாயிற்று. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று, மகனிடம் சொல்வது. "அவன் மூஞ்சி கொஞ்சம் சுருங்கினாலும் நான் வேண்டாம்னுடுவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று பூட்டுக்காரரிடம் கறாராகச் சொல்லியிருந்தாள். அதற்கு அந்த மனுஷன், "அப்படின்னா நான் பழையபடி கண்ணாடியை வளைச்சு எடுத்துக்கிட்டு வந்துட்டுப் போறேன், அவ்வளவுதானே" என்றாராம். அன்றைக்கு ராப்பூரா அக்கா தூங்கவில்லை. மகன் கோபப்பட்டுக் கத்தினால்கூடத் தாங்கிக்கொள்வாள். 'அப்பாவை மறந்துட்டியாம்மா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள், அதுதான் அவள் பயம்.

முதல் நாள் காலையில் அருங்காட்சியகம். கீழ்த்தளத்தில் பழைய நாணயங்கள் முன்னால் நின்று, "டேய், உன்கிட்ட ஒண்ணு பேசணும்டா" என்று அக்கா ஆரம்பித்தாள்.

"மூணாவது மாடியில பேசும்மா. இங்க நமக்குப் பதினாலு நிமிஷம்தான்."

மூன்றாவது மாடியில் கூரையிலிருந்து ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கு நேர்கீழே நின்று தொண்டையைச் செருமி, "எனக்கு ஒருத்தரை..." என்று வாயைத் திறந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அறுபது பேர் ஹோவென்று உள்ளே வந்து, "எவ்வளவு பெருசு! எவ்வளவு பெருசு!" என்று கத்தின கத்தலில் அக்காவின் 'ஒருத்தர்' எங்கே போனாரென்றே தெரியவில்லை.

மத்தியானம் சூப்புக்கடை. அங்கே இருபத்திரண்டு நிமிஷம் ஒதுக்கியிருந்தான், பரவாயில்லை, தாராளம்தான். ஆனால் சூப்பு ஆறுவதற்கு எத்தனை நிமிஷம் என்று யோசிக்க நம்ம நிமிஷம் மறந்துபோய்விட்டான். கொதிக்கக் கொதிக்கக் காளான் சூப்பைக் குடித்து அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நாக்கு வெந்து, ஒருவரை ஒருவர் பார்த்து 'ஊஃப், ஊஃப்' என்று ஊதிக்கொண்டதுதான் மிச்சம். சாயங்காலம் பூட்டுக்காரரிடமிருந்து, 'சொல்லியாச்சா?' என்று செய்தி வந்தது. 'இல்லை. திமிங்கலம் பார்த்தாச்சு' என்று அக்கா பதில் போட்டாள்.

பொய் சொல்லக்கூடாது, அலைச்சலாக இருந்தாலும் அக்காவுக்குக் குஷிதான். மகனோடு இப்படி ஒட்டிக்கொண்டு நடந்து எத்தனை வருஷமாயிற்று! மூச்சு விட்டால் புகை வருகிற குளிரில், ஆற்றுப்பாலத்தில் நின்று வறுத்த கடலையைக் கோட்டுப் பையில் கொட்டிக்கொண்டு, கையை உள்ளேயே விட்டு எடுத்துத் தின்றபடி வந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பாள். இந்தச் சந்தோஷத்தை நாமே வாயைத் திறந்து கெடுத்துக்கொள்ளணுமா என்றுகூட ஒரு நேரம் தோன்றியது.

இரண்டாம் நாள் காலையில் மணிக்கூண்டு. இருநூற்றுப் பன்னிரண்டு படி. மேலே போய்ச் சேர்ந்ததும் அக்கா, "அடேயப்பா!" என்று நின்றுவிட்டாள். ஊர் முழுக்கக் கீழே விரிந்து கிடந்தது. கூரையெல்லாம் உறைபனி படிந்து மாவு சலித்துக் கொட்டினாற்போல் இருந்தது. மகன் கழுத்து அட்டையைப் பார்த்துப் பார்த்து, அது பழைய கோட்டைச் சுவர், இது நகரசபை, அந்தப் பச்சைக் கூரை நாம மத்தியானம் சாப்பிடப்போற இடம் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணாடி இடது பக்கம் சரிந்து மூக்கில் வழுக்கிக்கொண்டே இருந்தது. ரயிலில் ஏறினதிலிருந்தே அதைப் பார்த்து அக்காவுக்குக் கை அரித்துக்கொண்டுதான் இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. கடையில் அவள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்! எவ்வளவு துள்ளுகிறவனும் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் பூனைக்குட்டி மாதிரி உட்கார்ந்து சொல்வதைக் கேட்பான். கையில் வேலை இருந்தால் அவளுக்கும் வார்த்தை தானாக வரும். இவன் கண்ணாடியை வாங்கிச் சரிசெய்துகொண்டே போட்டு உடைத்துவிட வேண்டியதுதான்.

"கழட்டுடா, சரியா வளைச்சுத் தர்றேன்."

"ரெண்டு நிமிஷம்தான்மா."

கழற்றிக் கொடுத்தான். பவர் மைனஸ் எட்டு. அது இல்லாவிட்டால் அவனுக்கு அரைச் சாணுக்கு அப்பால் உலகமே பாசிபிடித்த தண்ணீர். அக்கா கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்தாள். 'கண்ணா, நான் ஒருத்தரை...' என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். மனசெல்லாம் அங்கே இருந்ததா, கை தன் போக்கில் ஃபிரேமை வளைத்தது. 'டக்' என்று ஒரு சத்தம்.

"ஐயோ!"

"என்னம்மா சத்தம்?"

"ஒண்ணுமில்லடா."

"ஒண்ணுமில்லாததுக்கா 'ஐயோ'ன்ன?"

பிளாஸ்டிக் ஃபிரேமைச் சூடு காட்டாமல் வளைக்கக்கூடாது. கடையில் சேர்ந்த முதல் நாள் முதல் பாடம் அது. இந்தக் குளிரில் விறைத்துப்போன ஃபிரேமை இருபத்தாறு வருஷ அனுபவக்காரி வெறுங்கையால் வளைத்தால் என்ன ஆகும்? மூக்கு மேல் உட்கார்கிற இடத்தில் சரிபாதியாக ஒடிந்துவிட்டது. ஒரு பக்கத்து லென்ஸ் தெறித்து உருண்டு, கைப்பிடிக் கம்பிக்குக் கீழே புகுந்து, கூரைச் சரிவில் வழுக்கிப் போயே போய்விட்டது. அக்காவுக்கு மானமே போயிற்று. கடையில் தெரிந்தால் இனி அவள் கையில் யார் ஸ்க்ரூடிரைவரைக் கொடுப்பார்கள்!

விஷயத்தைச் சொன்னதும் மகன் கையை நீட்டிக் கைப்பிடிக் கம்பியைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

"சரி, மாத்துக் கண்ணாடி எங்கடா வச்சிருக்க?" என்றாள் அக்கா.

"நான் பெட்டியில வச்சிருந்தேன். 'நான் கூட வர்றப்ப மாத்துக் கண்ணாடி எதுக்குடா'ன்னு நீதானேம்மா வெளிய எடுத்து வச்ச?"

அக்கா கையில் மிஞ்சின பாதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சரி விடு, இன்னொரு பாதியைக் குடு, ஒரு கண்ணாலயாவது பாக்கறேன்."

"மைனஸ் எட்டை ஒத்தைக் கண்ணுல வச்சா தலை சுத்தி விழுந்துடுவ, பேசாம இரு" என்று அந்தப் பாதியைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். அது உண்மைதான், கடைக்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் அவள் மூடின வேகத்தில் வேறு ஏதோவும் இருந்தது என்று எனக்குச் சந்தேகம்.

அவ்வளவு கனமான லென்ஸ் எந்தக் கடையிலும் கையோடு கிடைக்காது. ரயில் சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு. அதுவரை அம்மாவின் கைதான் கண். இருநூற்றுப் பன்னிரண்டு படியையும் அவள் கையைப் பிடித்துக்கொண்டே இறங்கினான். மூன்றாம் வகுப்பில், 'எல்லாரும் பாக்கறாங்க, விடும்மா' என்று உதறிவிட்டுப் போன கை அது. அக்கா ஒவ்வொரு படியாக எண்ணிச் சொல்லிக்கொண்டு வந்தாள். படி சீக்கிரம் தீர்ந்துவிடக்கூடாது என்று உள்ளுக்குள் ஆசையாக இருந்தது.

கீழே வந்ததும் மகன் அட்டவணையை மூக்கோடு ஒட்டிவைத்துப் படித்தான். "எட்டாம் நம்பர் டிராம் வரும். பத்து நாப்பத்தொண்ணு."

"வந்துடுச்சு, ஏறு."

"எட்டுதானேம்மா?"

வந்தது எட்டோ மூன்றோ, பனிமூட்டத்தில் அக்காவுக்கே சரியாகத் தெரியவில்லை. உள்ளே ஹீட்டர் ஓடுவது மட்டும் நன்றாகத் தெரிந்தது. "எட்டுதான்டா, ஏறு ஏறு" என்று தள்ளிவிட்டாள். அது அவர்களைப் பச்சைக் கூரைக்கு நேரெதிர்த் திசையில், ஊரின் மறுகோடிக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

இறங்கினதும் மகனுக்குப் புரிந்துவிட்டது. "அம்மா, இது அந்த இடமே இல்ல. வாசனை வேற மாதிரி இருக்கு."

"என்ன வாசனைடா?"

அவன் நாய்க்குட்டி மாதிரி மூக்கைத் தூக்கினான். "சக்கரவள்ளிக்கிழங்கு சுடறாங்க. மீன் பொரிக்கிறாங்க. அப்புறம் பட்டை, ஆப்பிள்... ஏதோ அடுப்புலேர்ந்து இப்பத்தான் எடுத்திருக்காங்க!"

மூன்றும் சரியாக இருந்தது. எதிரே நீளமாகக் கூரை போட்ட ஒரு சந்தை. இந்தச் சந்தையைப் பற்றி ஏழு பக்கத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. இவன் மூக்கால் வழி சொல்ல, அவள் கண்ணால் கண்டுபிடிக்க, கிழங்குக்காரனிடம் ஒரு கிழங்கு, மீன் கடையில் ஆளுக்கு இரண்டு துண்டு, ஆப்பிள் வைத்து மடித்துச் சுட்ட பன் ஒன்று என்று வாங்கிப் பாதிப்பாதியாகப் பிட்டுத் தின்றார்கள். கை சுட்டது, மூக்கு ஒழுகியது, யாரும் மணி பார்க்கவில்லை.

"அம்மா, எல்லா விளக்கும் பூசணிக்காய் சைஸுக்குத் தெரியுது" என்றான் மகன். "நல்லாத்தான் இருக்கு."

அதைவிடக் கூத்து ஒன்று நடந்தது. அக்கா கைக்குட்டை எடுக்கக் கையை விட்ட ஒரு நொடியில் மகன் நாலடி முன்னால் போய், ஒரு ஆளிடம் ரொம்பப் பணிவாக, "மன்னிக்கணும், ஆத்துப் பாலத்துக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டான். ஆள் பேசவில்லை. "உங்களைத்தாங்க" என்று இன்னும் கிட்டப் போனான். துணிக்கடை வாசலில் கோட்டு மாட்டி நிறுத்தியிருந்த பொம்மை அது! அக்கா அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். விஷயம் புரிந்ததும் மகனுக்கும் தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பதில் சொல்லாம நின்னப்பவே திமிர் பிடிச்ச ஆளுன்னு நினைச்சேன்மா" என்றான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கடைக்குள்ளிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் இப்படி வாய்விட்டுச் சிரித்து அக்கா பார்த்துப் பல வருஷமாகிவிட்டது.

சந்தையின் மூலையில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை இருந்தது. ஜன்னலெல்லாம் ஆவி படிந்து, உள்ளே நான்கே மேசை. கடைக்காரம்மா ஒரு பெரிய அண்டாவில் பருப்பு சூப்பு கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் மூக்கில் கண்ணாடி, அதுவும் வலப்பக்கம் தொங்கிக்கொண்டு! அக்கா உட்காரவே இல்லை.

"கொஞ்சம் கழட்டுங்கம்மா."

"எதுக்கு?" என்று கடைக்காரம்மா கரண்டியோடு ஒரு அடி பின்வாங்கினாள்.

"குடுத்துடுங்க, விடமாட்டாங்க" என்றான் மகன், பக்கத்து மேசையைப் பார்த்து.

இந்தத் தடவை அக்கா அவசரப்படவில்லை. அண்டாவின் ஆவியில் ஃபிரேமைக் காட்டி, விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, இளகினபின் பதமாக வளைத்து மாட்டிவிட்டாள். கடைக்காரம்மா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள், கண்ணாடி அசையவில்லை. "அடி ஆத்தி! மூணு மாசமா இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன்" என்று சொல்லி இரண்டு கிண்ணம் நிறைய சூப்பும், ஒரு முழு ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். இன்னும் வேணும்னா கேளுங்க என்று தோளில் தட்டிவிட்டு வேறு போனாள்.

மகன் ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் முக்கினான். அக்கா அவனையே பார்த்தாள். கண்ணாடி இல்லாத முகத்தில், மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாக இரண்டு தடம். மீசை வளர்ந்த முப்பத்தொரு வயசுக்காரன் காய்ச்சலில் எழுந்து உட்கார்ந்த பிள்ளை மாதிரி இருந்தான். இப்போது விட்டால் எப்போதுமே இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"டேய் கண்ணா. நான் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

ரொட்டி சூப்பிலேயே நின்றது.

அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. பூட்டுக்கடை, பதினோரு தடவை வளைந்த கால், 'ஆமாங்க', குளிர் முடிந்ததும் கையெழுத்து என்று ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தாள். பேசப்பேச அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. அவன் கண் அவள் இருக்கிற திக்கில் இருந்தது, அவ்வளவுதான்.

"எத்தனை நாளாம்மா?"

"ஒன்றரை வருஷம்."

"மாசா மாசம் வந்துட்டுத்தானே போறேன்?"

"வர்ற. வந்தா உன் சித்தி இருக்கா, எதிர் வீட்டுக்காரங்க இருக்காங்க. நீயும் நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்னு செருப்பைக் கழட்டாமயே நிப்ப."

"ஒன்றரை வருஷத்துல பத்து நிமிஷம்கூடவா கிடைக்கல?"

அக்கா பொய் சொல்லப் பார்த்தாள், முடியவில்லை. "கிடைச்சுதுடா. எனக்குத்தான் பயமா இருந்துச்சு."

"யாருக்குப் பயந்த? சித்திக்கா?"

"அவ கிடக்கா. உனக்குத்தான் பயந்தேன்."

மகன் கரண்டியைக் கீழே வைத்தான். "எனக்கா?" என்றான். தன்னைப் பார்த்து அம்மா ஒன்றரை வருஷம் பயந்துகொண்டிருந்தாள் என்பது அவனைக் குத்திவிட்டது, அது அவளுக்கே தெரிந்தது.

"உங்கப்பாவை நான் மறக்கலடா" என்றாள் அவசரமாக.

"நான் அதைக் கேக்கவே இல்லையேம்மா."

"கேட்டுடுவியோன்னுதான்..."

மகன் மிச்ச ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பேசாமல் இருந்திருக்கலாமே, பாழாய்ப்போன வாய், பொம்மையைப் பார்த்துச் சிரித்ததோடு ஊருக்குப் போயிருக்கலாமே என்று அக்கா தன்னையே திட்டிக்கொண்டாள். 'சரிடா, வேண்டாம், விட்டுடறேன்' என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில் மகன் கையை நீட்டினான்.

"போனைக் குடு. அவருக்குப் போட்டுக் குடு."

"எதுக்குடா? அவர் பாவம்டா, அவரை ஒண்ணும் சொல்லாதே."

"குடும்மா."

அக்கா நம்பரை அழுத்தினாள். அவன் போனை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்து, ஸ்பீக்கரைத் தட்டி மேசையில் வைத்தான்.

"சொல்லியாச்சா?" என்றார் பூட்டுக்காரர், ஹலோகூடச் சொல்லாமல்.

"சொல்லியாச்சு சார்" என்றான் மகன்.

அந்தப் பக்கம் ஏதோ கனமான சாமான் தரையில் விழுந்து உருண்டது. "தம்பி... வணக்கம் தம்பி. நானே வந்து உங்ககிட்ட..."

"சார், ஒரு நிமிஷம். என் கண்ணாடி ஒடிஞ்சுபோச்சு. அம்மா எதிர்லதான் இருக்காங்க, எனக்கு ஒரே மங்கலாத் தெரியுது. அழறாங்களா சிரிக்கிறாங்களான்னுகூடத் தெரியல. கேட்டா ஒண்ணுமில்லம்பாங்க. அவங்க குரலைக் கேட்டு உங்களால சொல்ல முடியுமா?"

அக்கா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு விட்டு விட்டு மூச்சிழுத்தாள். பூட்டுக்காரர் என்ன ஏதென்று கேட்கவில்லை. "பேசச் சொல்லுங்க தம்பி" என்றார்.

"அம்மா, ஏதாவது பேசு."

"என்னத்தைடா பேசறது, கிறுக்குப் பயலே!"

மகன் போன் பக்கம் காதைச் சாய்த்தான்.

"ரெண்டும் தம்பி" என்றார் பூட்டுக்காரர். "நான் பூட்டுத் திறக்கிறவன், காதை வச்சுத்தான் பொழப்பு. கிறுக்குப் பயலேங்கறப்ப சிரிக்கிறாங்க. அதுக்கு முன்னாடி மூச்சை விட்டு விட்டு இழுத்தாங்க பாருங்க, அது அழுகை. ரொம்பப் பயந்திருக்காங்க தம்பி. நான் அப்புறம் பேசறேன், நீங்க முதல்ல அவங்க கையைப் பிடிச்சுக்கங்க."

மகன் எழுந்தான். கிண்ணங்களுக்கு நடுவில் தடவித் தடவி வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். மேசைமேல் குனிந்து முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தான். ஒரு சாண், அரைச் சாண். அவன் மூச்சில் ரொட்டி வாசனை அடித்தது. அங்கே நிறுத்தி, அவள் கண்ணை, ஒழுகுகிற மூக்கை, மூட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்த வாயை, ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் பார்த்தான். பெற்ற பிள்ளை தன்னை இப்படி உற்றுப் பார்த்து அவளுக்கு நினைவில்லை. பார்த்து முடித்தபோது அவன் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

அவள் கையை விடாமலே போன் பக்கம் திரும்பினான்.

"சரியாத்தான் சொன்னீங்க சார். ரெண்டும்தான்" என்றான். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாங்க. நானும் இருப்பேன்."